தொலைநோக்கியின் மூன்றாவது சுற்று

எடிக்சன் உஸ்காத்தெகி. வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் வெனிசுவேலாவில் மெரிதா. இப்போது இருப்பது சிலே நாட்டின் லா செரேனாவில், பல்கலைக்கழகக் குன்றின்மேல், இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேஜை. வதிவிட உரிமை, வேலை ஒப்பந்தம், வீட்டு வாடகை என்று எந்தப் படிவத்தை நீட்டினாலும் இதே வரிசையில் எழுதி எழுதி அவனுக்குக் கை பழகிவிட்டது. எழுதி முடித்ததும் எதிரில் இருப்பவர் அந்த நாட்டின் பெயரில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அதுவும் பழகிவிட்டது.

இதையெல்லாம் கேட்காத ஒரே இடம் அந்த விண்வெளித் தொலைநோக்கிதான். அதற்கு விண்ணப்பம் போடும்போது பெயர் எழுதக் கூடாது. எழுதினால் தள்ளிவிடுவார்கள். படிக்கிறவருக்கு ஆள் யார், எந்த ஊர், எங்கே படித்தவன், எதுவும் தெரியக் கூடாது என்பது விதி. எட்டுப் பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கும். எடிக்சனை மூன்று வருடம் தள்ளினார்கள். நாலாவது வருடம் கிடைத்தது. தொலைநோக்கி பூமியை நாலு முறை சுற்றிவர ஆகும் நேரம் அவனுக்கு. முதல் சுற்றில் படம். மீதி மூன்றில், மயிரிழை அகலப் பிளவு ஒன்றின் வழியாக, ஒரே ஒரு புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்ப்பது.

புள்ளி இருப்பது முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தில். நாற்பது வருடத்துக்கு முன்னால், மெரிதா மலைமேலிருந்து வானத்தைப் படம் எடுத்த, ஃபிலிம் மாதிரியான ஒரு கண்ணாடித் தகட்டில், அந்த மண்டலத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து எரிந்த தடம் இருந்தது. அதற்கு முந்தைய தகட்டிலும் இல்லை, பிந்தைய தகட்டிலும் இல்லை. உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பழைய தகடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிற வேலையில் இருந்தபோது, இருபத்திரண்டு வயதில், அதைக் கண்டுபிடித்தவன் எடிக்சன். வெடித்த இடத்தில் இப்போது என்ன மிச்சம்? அதுதான் கேள்வி. பதில் கிடைத்தால் ஒரு கட்டுரை. கட்டுரை வந்தால் மார்ச்சில் முடிகிற ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான் இந்த நாட்டில் இருக்கலாம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டம்ளர் மாதிரி நின்றது.

தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்த்த நேரத்தில் அவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான். அவனை அதற்குத் தெரியாது. போன வருடமே எழுதிக் கொடுத்த கட்டளைகளை வரிசையாகச் செய்துவிட்டு அடுத்த ஆளின் வேலைக்குத் திரும்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே கடல் மூடுபனி விலகாமல் கிடந்த நேரத்தில், தரவு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு அறிவிப்பும் வந்தது. மூன்று பிளவுச் சுற்றுகளில் கடைசிச் சுற்றில், தொலைநோக்கி பிடித்துக்கொண்டு நிற்கும் வழிகாட்டி நட்சத்திரம் நழுவிவிட்டதாம். அந்தச் சுற்று வீண். வேண்டுமானால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்த மேஜை பெல்த்ரான் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான். லா செரேனாக்காரன், இவனைவிட நாலு வயது சின்னவன், முனைவர் பட்டம் முடிக்கப் போகிறவன்.

"டேய் எடி, வந்துடுச்சாமே. அப்புறம் ஏன்டா எழவு வீட்டு மூஞ்சி?"

"கடைசி சுத்துல நட்சத்திரத்தை விட்டுடுச்சாம்."

"அவ்ளோதானே? அது மெஷின் தப்பு. திரும்பக் கேளு, குடுப்பாங்க. எனக்கெல்லாம் முதல் தடவையே தரல, நான் சிரிச்சிட்டு இல்ல?"

பெல்த்ரானின் விண்ணப்பத்தை இந்த வருடம்தான் தள்ளியிருந்தார்கள். அன்று முழுக்க அவன் வாய் ஓயாமல் ஜோக்கடித்ததை அலுவலகமே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"முதல்ல படத்தைத் திற. கல்யாணப் பொண்ணக் காட்டு."

திறந்தான். இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

இத்தனை வருடம் எடிக்சன் பார்த்தது ஒரு முட்டை. தகட்டில் கடுகளவு, பெரிதாக்கினால் கலங்கிய முட்டை. மற்ற வான்படங்களிலும் அதே முட்டைதான். இப்போது அதற்குக் கைகள் இருந்தன. நடுவில் மஞ்சளாக ஒரு கரு, அதிலிருந்து நீலமும் பழுப்புமாக இரண்டு கைகள் நிதானமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தன. வரும் வழியெல்லாம் புதிதாகப் பிறந்த நட்சத்திரக் கூட்டங்கள் சிவப்புப் பொட்டாக ஒட்டியிருந்தன. ஒரு கையின் நுனி கொஞ்சம் பிய்ந்து தொங்கியது.

"அம்மாடி!" என்றான் பெல்த்ரான். "இவ்ளோ அழகா இருந்துக்கிட்டு முட்டை வேஷம் போட்டிருக்கு பாரு."

எடிக்சனுக்குச் சந்தோஷம் வரவேண்டிய நேரம். வரவில்லை. பசி தாண்டியவனுக்குச் சோறு வைத்தது போல உட்கார்ந்திருந்தான். பழக்கதோஷத்தில், சுவரில் ஒட்டியிருந்த பழைய தகட்டுப் படத்தைப் பிய்த்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான்.

முட்டைக்குத் தலைப்பக்கம் ஒரு நட்சத்திரம் உண்டு. அதை வைத்துத்தான் அவன் மேல் எது கீழ் எது என்று முடிவு செய்திருந்தான். திரையிலும் அது இருந்தது. அதன் இடது பக்கம் மங்கலாக இன்னொரு சின்ன நட்சத்திரமும் இருந்தது. தகட்டுப் படத்தில் இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம்தான் ஒரு பொடிப் புள்ளி. அதை அவன் இத்தனை நாளாகத் தூசி என்று நினைத்திருந்தான்.

காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பினான். எப்படி வைத்தாலும் புள்ளி மறுபக்கமே நின்றது.

"என்னடா பண்ற? காத்தாடி விடுறியா?"

எடிக்சன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்து ஜன்னலுக்குப் போனான். காகிதத்தின் முதுகைத் தன் பக்கம் வைத்து, மூடுபனி வெளிச்சத்தில் கண்ணாடியோடு அழுத்தினான். மை ஊறித் தெரிந்தது. நட்சத்திரம் மேலே, பொடிப் புள்ளி இடது பக்கம். திரையில் இருப்பது அச்சு அசலாக அப்படியே.

வெடித்த நட்சத்திரத்தின் தடமும் இடம் மாறியிருந்தது. கருவுக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்.

காகிதத்தை ஜன்னலிலிருந்து எடுத்தான். "பெல்த்ரான், நான் தகட்ட கவுத்து வச்சு ஸ்கேன் பண்ணியிருக்கேன்."

"எப்ப?"

"ஒம்பது வருஷம் முன்னாடி."

அந்த நாள் அவனுக்கு நினைவிருந்தது. மெரிதாவில் அப்போது மின்சாரம் வந்தால் இரண்டு மணி நேரம், போனால் ஒரு நாள். வந்தவுடன் ஓடிப்போய் ஸ்கேனரைப் போட்டு, கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுக்க வேண்டும். மருந்து தடவிய பக்கம் கீழே இருக்க வேண்டும். விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும், ஆனால் தடவக் கூடாது, கீறல் விழும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கவிழ்த்து வைத்தாலும் படம் விழும். வலம் இடமாகும், அவ்வளவுதான். ஓரத்தில் மையால் எழுதிய தகட்டு எண் இடம் வலமாகத் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, பஸ்ஸில் எடுத்துப்போகும் சின்ன பென் டிரைவில் இடம் போதாதென்று, முட்டையைச் சுற்றி மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டான். எண் மெரிதாவிலேயே நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் அளந்துதான், கருவிலிருந்து கிழக்கே இத்தனை என்று தொலைநோக்கிக்கு எழுதிக் கொடுத்தான். மேற்கே என்று எழுதியிருக்க வேண்டும். தொலைநோக்கி சொன்னதைச் செய்தது. இரண்டு சுற்று முழுக்க, இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள வெற்று இருட்டைப் பிளவு வழியாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அதையும் கோட்டைவிட்டது.

பெல்த்ரான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் முறையாக அவனுக்கு ஜோக் வரவில்லை. "டாக்டர் ஹிமேனாகிட்ட சொல்லுடா," என்றான். "இப்பவே போ. யோசிச்சா போகமாட்ட."

டாக்டர் ஹிமேனா ஓயார்சுன் எடிக்சனை வேலைக்கு எடுத்த வானியலாளர். ஐம்பது தாண்டியவர். அறையில் உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்காது, எல்லாவற்றிலும் காகிதம். கேட்டு முடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காகிதத்தைத் தள்ளிட்டு உக்காரு. விண்ணப்பத்தை அனுப்பறதுக்கு முன்னாடி இதப் பாத்த நாலு பேர்ல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல. நானும் கண்டுபிடிக்கல. கண்ணாடி எந்தப் பக்கம்னு எவன் கேப்பான்?"

"நான் கேட்டிருக்கணும் டாக்டர்."

"கேட்டிருக்கணும்தான். கேக்கல. இப்ப என்ன பண்றதுன்னு பேசு." மூடியை மேஜையில் போட்டார். "சொந்தத் தப்புன்னா திரும்பப் பாக்கமாட்டாங்க. விதி. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஆனா மூணாவது சுத்து அவங்க தப்பு. அதுல பிடிச்சுக்கோ. மூணும் ஒரே தொகுப்பு, ஒண்ணு கெட்டா எல்லாத்தையும் திரும்பக் கேக்கலாம். படிவத்துல 'இடத்தில் சிறு திருத்தம்'னு ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல கிழக்குக்கான கூட்டலை அழிச்சு மேற்குக்கான கழித்தல் போடு. ஏதோ கை தவறிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. காரணம் நட்சத்திரம் நழுவினது. முடிஞ்சுது."

"அது பொய் இல்லையா?"

"முழுப் பொய் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். "எடிக்சன், மார்ச்சுல உன் ஒப்பந்தம் முடியுது. போன தடவையே கெஞ்சித்தான் நீட்டினேன். கையில ஒண்ணுமில்லாம மறுபடி போய் நின்னா மேல இருக்கறவங்க என்னைத்தான் பாப்பாங்க. நான் உன்னை மிரட்டல. இருக்கறதைச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள எழுதிக் காட்டு."

மதியம் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, அவகாடோ தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டான். நெய்லிமார் மெரிதாவில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவள். அவர்கள் மலையில் தங்கையையும் நாயையும்கூட 'நீங்க' என்றுதான் பேசுவார்கள். லா செரேனாவில் இதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது.

"அண்ணே, கரண்ட் இருக்கு, பேசுங்க. போனாலும் போயிடும். என்னத்தைத் தின்னீங்க?"

"ரொட்டி. நீங்க?"

"பிஸ்கா சூப்பு. முட்டை இல்லாம. அதை உருளைக்கிழங்குத் தண்ணின்னு சொல்லலாம். குரல் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க நெய்லி."

"சிரிக்காம? ஃபிலிம்ம திருப்பி மாட்டினதுக்கு என்ன வானத்து வேலை வேண்டியிருக்கு? இதைத்தான் நான் தினமும் பண்றேனே. அதுக்குத்தானே நாங்க ஓரத்துல ஈயத்துல இடது வலதுன்னு எழுத்து வச்சு எடுக்கிறோம். உங்க ஆளுங்களுக்கு அந்த ஈய எழுத்துகூடவா கிடைக்கல?"

"இருந்துச்சு. நான் வெட்டி எறிஞ்சிட்டேன்."

"அது சரி." சிரிப்பு அடங்கியது. "அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"டாக்டர் மெஷின்மேல போடச் சொல்றாங்க."

"போடுங்க. நாங்க எல்லாத்தையும் மெஷின்மேலதான் போடுவோம். மெஷின் என்ன வந்து சாட்சி சொல்லவா போகுது? அண்ணே, கேளுங்க. நீங்க அங்க இருக்கணும். அம்மா வெளிய காட்டிக்கல, ஆனா உங்க ஒப்பந்தம் நீளுமான்னு என்னைக் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நீங்க திரும்பி வந்தா நாங்க சந்தோஷப்படுவோம், அது வேற. வந்து என்ன பண்ணுவீங்க? என்கூட நின்னு ஃபிலிம் மாட்டுவீங்களா? அதையும் திருப்பித்தான் மாட்டுவீங்க."

அவன் சிரித்தான். அன்றைக்கு முதல் தடவை. அதற்குள் அந்தப் பக்கம் மின்சாரம் போய்விட்டது. போன் ஊமையானது.

மேஜைக்குத் திரும்பிப் படிவத்தைத் திறந்தான். கட்டத்தில் கூட்டல் குறியை அழித்துக் கழித்தல் போட்டான். ஒரு தட்டு, ஒரே தட்டு. பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'அளவில் சிறு பிழை' என்று எழுதினான். அழித்தான். 'புதிய படத்தின்படி இடம் துல்லியமாக்கப்பட்டது' என்று எழுதினான். அது நன்றாக இருந்தது, உண்மை மாதிரியே இருந்தது. கட்டுரையிலும் இதையேதான் எழுத வேண்டும். மாநாட்டில் யாராவது கேட்டாலும் இதேதான். பழைய தகட்டுப் படத்தைச் சத்தமில்லாமல் திருப்பி அச்சடித்துவிட்டு, முன்பு சுற்றுக்கு விட்ட படங்களைப் பற்றி யாரும் நினைக்காமல் இருக்க வேண்டும். எத்தனை வருடம் இதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிவது? ஏற்கெனவே ஞாபகம் வைத்திருக்க வேண்டியவை அவனுக்குப் போதும் போதுமென்று இருந்தன. எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் எதைச் சொன்னோம் என்று ஒரு தனி நோட்டே போட்டிருந்தான்.

"எழுதிட்டியா?" என்றான் பெல்த்ரான், தன் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"இல்ல. பெல்த்ரான், மூணு சுத்து திரும்பக் குடுத்தா அதை எங்கேர்ந்து எடுப்பாங்க?"

"மிச்சம் வச்சிருப்பாங்க கொஞ்சம். இல்லேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து கழிப்பாங்க. ஏன்?"

"நீ எத்தனை கேட்டிருந்த?"

"ரெண்டு." இப்போது திரும்பினான். எடிக்சன் என்ன நினைக்கிறான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "டேய், லூசு மாதிரி பண்ணாத. நீ விட்டுக்குடுத்தா அது எனக்கா வரும்? எவனோ நார்வேக்காரனுக்குப் போகும்."

"போகட்டும்."

"போகட்டுமா? எடி, உனக்குத் தூக்கம் பத்தல. வீட்டுக்குப் போ."

தூக்கம் போதவில்லைதான். விசைகளைத் தட்டவே விரலுக்குத் தெம்பில்லை. போனை எடுத்தான். வீட்டுக்குச் சேதி அனுப்பும்போது செய்வதுபோல வாயருகே வைத்து, பேசியே எழுதத் தொடங்கினான். அறையில் பெல்த்ரான் இருப்பதையும் பொருட்படுத்தவில்லை. பெல்த்ரான் முதலில் தலையில் கை வைத்தான். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். ஓர் இடத்தில், "அங்க 'மன்னிக்கவும்' வேணாம், ஒரு தடவை சொல்லிட்ட," என்று மட்டும் சொன்னான். பிறகு சரியான இடத்தை அவனும் பக்கத்து அறைக்காரர் ஒருவரும் எடிக்சனும் தனித்தனியாக அளந்தார்கள்.

நாலரை மணிக்கு டாக்டர் ஹிமேனா நின்றபடியே படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஒரே ஒரு சுத்துல உனக்கு என்ன தெரியும்? அது எவ்வளவு மங்கலா இருக்கும் தெரியுமா?"

"மிச்சம் இருக்கா இல்லையான்னாவது தெரியும் டாக்டர். என்ன ஏதுன்னு தெரியாது."

"இருக்கா இல்லையாவை வச்சு நான் மேல போய் என்ன கேக்கறது?"

எடிக்சன் தலை குனிந்து தரையைப் பார்த்தான்.

"சரி, பாக்கறேன்," என்றார் கடைசியில். குரலில் கோபமும் இல்லை, உறுதியும் இல்லை. "நீட்டுவாங்கன்னு நான் சொல்லல. கேட்டுப் பாக்கறேன்னுதான் சொல்றேன். உங்க ஊர் ஆளுங்க எல்லாரும் இப்படியா, இல்ல நீ மட்டுந்தானா? அனுப்பு. நான் மனசு மாறி இதக் கிழிக்கறதுக்குள்ள அனுப்பு."

அவன் அனுப்பியது இதுதான்:

"இதைப் படிக்கிறவருக்கு வணக்கம். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது.

நீங்க எனக்குக் குடுத்த நாலு சுத்துல முதல் சுத்துப் படம் நல்லா வந்திருக்கு. அந்த மண்டலத்துக்குக் கை இருக்குன்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நன்றி. அடுத்த ரெண்டு சுத்துல தொலைநோக்கி தப்பான இடத்தைப் பாத்துச்சு. அது தொலைநோக்கியோட தப்பு இல்ல, என்னோடது. பழைய கண்ணாடித் தகட்ட நான் கவுத்து வச்சு ஸ்கேன் பண்ணிட்டேன். கிழக்குன்னு எழுதினது மேற்கு. மன்னிக்கவும். அந்த ரெண்டு சுத்தையும் நான் திரும்பக் கேக்கல. அதை வரிசையில நிக்கிற வேற யாருக்காவது குடுங்க.

கடைசிச் சுத்துல வழிகாட்டி நட்சத்திரம் நழுவிடுச்சு. அது என் தப்பு இல்ல. அது நழுவாம இருந்திருந்தாலும் எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது, அதையும் மறைக்க விரும்பல. ஆனா விதிப்படி அந்த ஒரு சுத்தை நான் கேக்கலாம்னு நினைக்கிறேன். சரியான இடத்தைக் கீழ எழுதியிருக்கேன். இந்தத் தடவை மூணு பேர் தனித்தனியா அளந்து பாத்தோம். தகட்டோட படத்தையும் நேரா திருப்பி இதோட வச்சிருக்கேன். நீங்க முடியாதுன்னு சொன்னாலும், அடுத்து கேக்கிறவங்களுக்கு இடமாவது சரியா இருக்கட்டும்.

ஒரே ஒரு சுத்து. அந்த இடத்தை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, தயவுசெஞ்சு."